ஏழு டம்ளர் பாலும் ஒரு லேபிளும்

ஊத்துக்குளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் தங்கை மூன்று வருடமாக மோர் மிளகாய் போட்டு விற்கிறாள். முதலில் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாள், பிறகு சொந்தக்காரர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். இப்போது திருப்பூர், கோவை என்று கூரியரில் போகிறது. மாசி மாதக் கடைசியில் போன் செய்தாள்.

“அண்ணா, பாக்கெட் மேல் ஒட்டுவதற்கு லேபிள் அடிக்கிறோம். நாலு வரி எழுதிக்கொடுங்கள்.”

“மோர் மிளகாய் என்று போட்டால் போதாதா அம்மணி?”

“அதைத்தான் எல்லோரும் போடுகிறார்களே. ‘குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் நிறைந்தது’ என்று வர வேண்டும். புளிக்க வைத்த பொருள்தானே இது? நீங்கள் பால் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர், நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். தங்கை கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் மூன்று வாரமாகியும் ஒரு வரி எழுத வரவில்லை. இருபத்திரண்டு வருடம் பாலில் கிருமிகளை எண்ணிச் சம்பளம் வாங்கியவன் நான். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்க்காமல் ‘நிறைந்தது’ என்று எழுதினால், பழைய மேலதிகாரி கனவில் வந்து பதிவேட்டைக் காட்டச் சொல்வார்.

பங்குனி பாதியில், பையில் புளிப்பை அளக்கும் பி.எச். காகிதச் சுருள் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊத்துக்குளி பஸ் ஏறினேன்.

தொழில் தங்கையின் பெயரில் நடந்தாலும் கைப்பக்குவம் அவள் மாமியாருடையது. எனக்கு அத்தை முறை. அந்த வட்டாரமே வெண்ணெய்க்குப் பேர்போனது. வெண்ணெய் எடுத்த இடத்தில் மோருக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டு எருமைகள் கட்டுத்தரையில் நிற்கின்றன. தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, மோரை இரண்டு நாள் புளிக்கவிடுகிறார். அந்த மோரின் வாசம் வீட்டுக் கூடத்தைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. எனக்குப் பிடித்த வாசம். என் மனைவிக்குப் பிடிக்காது. அதனால் அவள் வரவில்லை.

அத்தைக்கு அளவெல்லாம் கைதான். அவர் அள்ளிப் போட்டதை எல்லாம் நான் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் மோர், நூறு கிராம் கல்லுப்பு. மிளகாய் நீளமாக இருக்கக் கூடாது. குட்டையாக, தோல் தடித்து, காரம் மட்டாக இருப்பதைத்தான் பொறுக்குகிறார். காம்பை முழுதாகக் கிள்ளாமல் பாதி விட்டுவிடுகிறார், பொரிக்கும்போது பிடித்துத் திருப்பவும் கடிக்கும்போது பிடித்துக்கொள்ளவும். நுனிப் பக்கம் கத்தியால் ஒரு கீறல். கீறாத மிளகாய்க்குள் மோர் இறங்காது, எண்ணெயில் போட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

மூன்று நாள் பீங்கான் ஜாடியில் ஊறும். தினமும் ஒரு முறை மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே மிதக்கும் மிளகாயில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிடும். நான்காம் நாள் காலை மிளகாயை மட்டும் வடித்து எடுத்து, பழைய வேட்டியை விரித்து மொட்டை மாடியில் காயப் போடுகிறார். பொழுது சாய்ந்ததும் திரும்பவும் அதே மோருக்குள். பகலில் வெயில், இரவில் மோர். மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்ச் சேரும்வரை நாலைந்து நாள் இப்படி ஓடும். அதற்குப் பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை வெறும் வெயில். பச்சை நிறம் ஜாடியிலேயே வெளிறிவிடும். கடைசியில் சந்தன நிறத்துக்கு வந்து நிற்கும்.

ஜாடிக்குள் நடப்பது எனக்குப் பழக்கமான சங்கதிதான். மிளகாயும் மோரும் சேர்ந்து இரண்டு கிலோ, அதில் நூறு கிராம் உப்பு, நூற்றுக்கு ஐந்து. அழுக வைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை இந்த உப்பில் முடங்கிப்போகும். லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் தாங்கும். முட்டைக்கோசை உப்பில் புளிக்கவைத்து ஆராய்ந்தவர்கள் ஒரு வரிசையைக் கண்டார்கள்: முதலில் லியூக்கோநோஸ்டாக் என்ற இனம் பெருகி அமிலமும் கரியமில வாயுவும் விடும். தான் விட்ட அமிலம் தனக்கே தாங்காமல் அது ஓய்ந்ததும், இன்னும் கடுமையான புளிப்பைத் தாங்கக்கூடிய பிளான்டாரம் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே லியூக்கோநோஸ்டாக்தான். 1965இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று அதைக் காட்டியது. மோர் மிளகாயில் மோரே புளிப்போடும் தன் கூட்டத்தோடும் வந்து சேர்வதால் முதல் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. மூன்றாம் நாள் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன்: பி.எச். 4க்கு நெருக்கம், அதாவது நல்ல புளிப்பு.

நான் வேலையில் இருந்த காலத்தில் அந்தப் பிளான்டாரத்துக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்று பெயர். 2020இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய குடும்பத்தை 25 பேரினங்களாகப் பாகம் பிரித்துவிட்டார்கள். இப்போது அது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம். பங்காளிகள் பாகம் பிரித்தால் வரப்புதான் கூடும் என்று அப்பிச்சி, அம்மாவின் அப்பா, சொல்வார். இங்கே பெயர் நீண்டுவிட்டது.

ஆகவே ஜாடியில் இருக்கும்வரை தங்கை சொன்னது சரி. நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் பாக்கெட்டில் போவது ஜாடி இல்லையே. எட்டு, பத்து நாள் பங்குனி வெயில், அதற்குப் பிறகு வாங்கியவர் வீட்டுக் கொதிக்கும் எண்ணெய். இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 60, 70 டிகிரி சூட்டிலேயே மடிந்துவிடும். எண்ணெய்ச் சட்டி 170 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்.

“செத்தால்தான் என்ன அண்ணா, உள்ளேதானே இருக்கிறது?” என்றாள் தங்கை. கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் லேசானது இல்லை. செத்த நுண்ணுயிரின் உடலும் அதன் சிதறல்களும்கூட உடம்புக்கு ஏதாவது செய்யலாம் என்று ஆராய்கிறார்கள். அதற்கு போஸ்ட்பயாடிக் என்று பெயர் வைத்து 2021இல் விளக்கமும் எழுதியாகிவிட்டது. ஆனால் இன்ன பொருள் இன்ன நன்மை செய்கிறது என்று காட்டிய பிறகுதான் அந்தப் பெயரை ஒட்ட முடியும். மோர் மிளகாய்க்கு அப்படி யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

வாயால் சொன்னால் தங்கை நம்பமாட்டாள். பரிசோதனைக் கூடமும் கைவசம் இல்லை. அப்போதுதான் அத்தை ஒரு பழைய சங்கதியைச் சொன்னார். உறை ஊற்றத் தயிர் இல்லாத நாளில், வெதுவெதுப்பான பாலில் பச்சை மிளகாய்க் காம்பை நாலு கிள்ளிப் போட்டால் பால் உறைந்துவிடும் என்று. உண்மைதான். செடியின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை அது. உயிர் இருந்தால் பால் உறையும், இல்லாவிட்டால் உறையாது. இதைவிட மலிவான கருவி எங்கே கிடைக்கும்?

அன்று இரவு எட்டு மணிக்கு ஏழு எவர்சில்வர் டம்ளர்களை வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, அடுப்படி அலமாரியில் வரிசையாக வைத்தோம். முதல் டம்ளரில் வெறும் பால். இரண்டாவதில் அரை ஸ்பூன் வீட்டு மோர். மூன்றாவதில் மிளகாய் ஊறிக்கொண்டிருக்கும் ஜாடி மோர். நான்காவதில் காய்ந்த, பொரிக்காத மோர் மிளகாய் ஒன்று. ஐந்தாவதில் பொரித்து ஆறவைத்தது. ஆறாவதில், இரண்டு வருடம் ஊறிய நார்த்தங்காய் ஊறுகாயின் சாறு சில சொட்டுகள். ஏழாவதில் காலையில் மிஞ்சிய நீராகாரம். தங்கையின் மகள் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து எண் எழுதி ஒட்டினாள். இரவு இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். பென்ஷன் வாங்குகிறவனுக்குத் தூக்கம் எப்படியும் வருவதில்லை.

காலை ஆறு மணிக்கு இரண்டாவது டம்ளர் கட்டித் தயிர். மூன்றாவது உறைந்திருந்தது, ஆனால் இளக்கமாக, மேலே தண்ணீர் விட்டு, மிளகாய் வாசத்தோடு. ஏழாவது பத்து மணிக்குத் தளதளவென்று ஆனது. நான்காவது மத்தியானம்வரை பாலாகவே நின்று, மூன்று மணிக்கு மேல் மெல்லக் கெட்டியாகிப் புளித்தது. வெயிலில் காய்ந்தும் சில உயிர்கள் மிச்சம் இருந்திருக்கின்றன. அவை மோரிலிருந்து வந்தவையா, காம்பில் முதலிலேயே இருந்தவையா என்பதைச் சொல்ல ஒரு டம்ளர் பால் போதாது.

ஐந்தாவது உறையவே இல்லை. மறுநாள் சாயங்காலம் முதல் டம்ளரின் வெறும் பாலோடு சேர்ந்து அதுவும் நாற்றம் எடுத்தது. காய்ச்சிய பாலிலும் சில பேசில்லஸ் இனங்களின் வித்துகள் பிழைத்துக் கிடக்கும், இரண்டு நாளில் அவை முளைத்துக்கொள்ளும். அந்த நாற்றத்தைத் தயிர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

என்னை யோசிக்க வைத்தது ஆறாவது டம்ளர். நார்த்தங்காய்ச் சாறு விழுந்த இடத்தில் மட்டும் பால் பொடிப்பொடியாகத் திரிந்திருந்தது, அது அமிலத்தின் வேலை. மற்றபடி பால் பாலாகவே கிடந்தது. இரண்டு வருடம் ஊறியதில் ஒரு உயிரும் இல்லையா என்று தங்கைக்கு ஏமாற்றம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நார்த்தங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே கடும்புளிப்பு. அதன்மேல் கை நிறைய உப்பை அள்ளிப் போடுகிறோம். அந்த இடத்தில் எந்தக் கிருமியும் பெரிதாகக் குடித்தனம் நடத்த முடியாது. அதனால்தான் அது வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. நம் மொழி இதைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மாவு புளிக்கிறது, மோர் புளிக்கிறது, கூழ் புளிக்கிறது. நார்த்தங்காய் ஊறுகிறது. ஊறுகாய்க்குப் ‘புளிகாய்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஜாடியில் கிடப்பதெல்லாம் நுண்ணுயிர்ச் சுரங்கம் என்று இப்போது பேசிக்கொண்டிருப்பது நாம்தான்.

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது தங்கை கேட்டாள்: “அப்படியென்றால் ஊறிய மிளகாயைக் காயவைக்காமல், மோரோடு பாட்டிலில் போட்டு விற்றால்?” பிறகு தானாகவே சிரித்துவிட்டாள். போன வருடம் அதையும் செய்து பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாள் ஜாடியிலிருந்து எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, பன்னிரண்டு பாட்டில்களை அனுப்பினாள். கிருமிக்கு மூடி தெரியுமா, மூச்சுதான் தெரியும். வழியிலேயே வாயு கட்டி நாலு மூடிகள் பிதுங்கிக்கொண்டன. ஒரு பாட்டில் வாங்கியவர் திறந்தபோது பீய்ச்சி அடித்து, அவர் வீட்டுச் சுவரில் மோர்க்கோலம் போட்டுவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, சுவருக்கு வெள்ளையடிக்கவும் கேட்டாராம். உயிரோடு இருக்கிற பொருள் பாக்கெட்டுக்கு அடங்காது; அடங்குகிற பொருளில் உயிர் சொற்பம்.

சட்டமும் சும்மா விடாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் கூட்டிய வல்லுநர் குழு புரோபயாடிக்குக்கு விளக்கம் எழுதியது: உயிருள்ள நுண்ணுயிர், போதிய அளவில், நன்மை செய்வதாக நிரூபிக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள் புரோபயாடிக் உணவுக்கு ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் வேண்டும் என்கின்றன. எந்த இனம் என்றும் சொல்ல வேண்டும். தங்கையின் மிளகாயில் இருப்பது இன்னது என்று தங்கைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எருமைக்கும் தெரியாது.

அந்த 10 கோடியும் எவ்வளவு பெரிது? ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாமே பெருங்குடலில். எல்லாவற்றையும் திரட்டி எடை போட்டால் 200 கிராம் வரும். 10 கோடியை அதோடு சேர்த்தால் 3,80,000 பேர் கூடிய தேர்த்திருவிழாவுக்கு இன்னும் ஒருவர் வந்த மாதிரி.

வருகிறவரும் தங்குவதில்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகோவ், 1908இல் நோபல் பரிசு பெற்றவர், பல்கேரியக் குடியானவர்கள் நீண்ட காலம் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பி, தினமும் அதைக் குடித்தார். 1916இல் 71 வயதில் இறந்தார். மோசமான வயது இல்லை, ஆனால் எங்கள் தெருவில் மோரைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காத ஒருவர் 88 வரை இருந்தார். அந்தப் பல்கேரியத் தயிர்ப் பாக்டீரியா மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்பது பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அது ஒரம்பரை, விருந்தாளி. வரும், இருக்கும் வரைக்கும் வீடு கலகலப்பாக இருக்கும், உபகாரமும் செய்யும், பிறகு ஊருக்குக் கிளம்பிவிடும். நாளைக்கும் வேண்டுமென்றால் நாளைக்கும் அழைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னால் நான் மோர் மிளகாய்க்கு விரோதி என்று தோன்றும். நான் வேறு ஒன்றைச் சொல்ல வருகிறேன்.

எங்கள் பூமி கீழ்பவானி வாய்க்காலுக்கு மேட்டுப் புறம். வாய்க்காலுக்குக் கீழே நெல்லும் மஞ்சளும் விளைந்தன. மேலே எங்களுக்குக் கம்பு, சோளம், கொள்ளு. சின்ன வயதில் நான் அரிசிச் சோற்றை ஏக்கத்தோடு பார்த்த ஆள். அம்மா கம்பை உரலில் குத்திப் புடைத்து, உடைத்துக் காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைப்பார். மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் கொடுப்பார். கம்பங்கூழ் அமிர்தம் என்று எழுதுகிறவர்கள் நகரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் குடிப்பவர்கள். தினமும் குடித்தவனைக் கேளுங்கள். அது தொண்டையில் நிற்கும். நாக்கைப் பிடித்து இழுத்துப் பேச வைக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் மோர் மிளகாய். ஒரு கடி மிளகாய், நாலு வாய் கூழ். உப்பும் புளிப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்து ஒரு சொம்புக் கூழை இறக்கிவிடும். பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம்.

இப்போது குடலில் குடியிருப்பவர்களின் பக்கமிருந்து இதைப் பாருங்கள். அவர்களுக்கு மிளகாயின் உப்பும் எண்ணெயும் வேண்டாம், நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்தான் வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் கம்பில் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. இந்த நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று புளிக்க வைத்து, பியூட்டிரிக் அமிலம் போன்றவற்றைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த அமிலம்தான். சின்ன வெங்காயத்தில் இருக்கும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் அவர்களுக்கு விருந்து. ஆக, பெரிய புளிப்பு ஜாடி நம் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் போடச் சரக்கு அனுப்பிவைத்தது மோர் மிளகாய். தான் எண்ணெய்ச் சட்டியில் செத்தாலும் கூழை உள்ளே தள்ளிவிட்டது.

அந்தக் கூழை எடுத்துவிட்டு, குக்கரில் வெந்த வெள்ளைச் சோற்றுக்கும் தயிருக்கும் நாலு மிளகாயைப் பொரித்துக் கடித்தால், வேலைக்காரன் வந்திருக்கிறான், செய்யத்தான் வேலை இல்லை.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு. 36 பேரை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு பாதிக்கு நார் மிகுந்த உணவு, மறுபாதிக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, புளித்த காய்கறிச் சாறு, கொம்புச்சா போன்ற புளித்த உணவுகள். புளித்தவற்றைச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பத்து வாரத்தில் வகைகள் கூடவில்லை. முதலில் படித்தபோது எனக்குச் சற்று வருத்தம். பிறகு அளவைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல், கிண்ணம் கிண்ணமாகவும் கோப்பை கோப்பையாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். யாரும் இலை ஓரத்தில் சுண்டுவிரல் அளவு வைத்து நக்கிக்கொள்ளவில்லை. புளித்ததுதான் அவர்களுக்குச் சாப்பாடு. எங்கள் வீட்டுக் கணக்கில் அது மோர், நீராகாரம், மோர் விட்டு இரவெல்லாம் புளித்த கூழ். இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது டம்ளர்கள். சொம்பில் குடிக்கிறவை. தொட்டுக்கொள்கிறவை அந்தக் கணக்கில் வராது.

நீராகாரத்தைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. பழைய சோற்றில் ஓர் இரவில் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 ஆகிவிடுகிறது என்று ஒரு செய்தி எல்லோர் கைப்பேசியிலும் சுற்றுகிறது, தங்கையும் அனுப்பினாள். இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதைப் புதிதாகச் செய்ய முடியாது. பானையில் ஆணி போட்டால்தான் உண்டு. புளிக்கும்போது தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைந்து, இருக்கிற இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும் என்பது சரி. அதுவே நல்ல செய்திதான், அதற்குப் பூச்சு வேண்டாம்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ மிளகாய் காய்ந்து வரும்போது முந்நூறு கிராம்தான் தேறியது. போட்ட உப்பு நூறு கிராமும் அதற்குள்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு. காய்ந்த மிளகாய் ஒன்று ஒரு கிராம் என்றால், நாலு கடித்தால் ஒரு கிராமுக்கு மேல் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் வந்த பிறகு, அவர் தட்டில் மோர் மிளகாய் வைப்பதில்லை என்று வீட்டில் முடிவானது. அவர் கம்பங்கூழையும் அன்றோடு விட்டுவிட்டார். மிளகாய் இல்லாமல் அது எதற்கு என்றார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

ஒரு வழியாக லேபிளை எழுதினேன்:

‘மோர் மிளகாய். பச்சை மிளகாய், எருமை மோர், கல்லுப்பு. எண்ணெயில் பொரித்து, கூழுக்கும் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளவும். உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவும்.’

தங்கை இரண்டு முறை படித்தாள். “அண்ணா, கடைசி வரியைப் படித்தால் யார் வாங்குவார்கள்?” என்றாள். மாப்பிள்ளை சமாதானம் செய்தார்: லேபிள் சின்னது, இடம் போதவில்லை. எதை எடுப்பது என்று பேச்சு வந்தது. மோரை எடுக்கலாமா, உப்பை எடுக்கலாமா? கடைசியில் எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் அடைத்தார்கள். உப்பு வரியைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. நுண்ணுயிர் எங்கும் இல்லை. ஐந்நூறு அடித்து வந்தது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து அடுத்த ஈட்டுக்கு மிளகாய் கீறிக்கொண்டிருந்தார். அவருக்கும் வாசித்துக் காட்டினோம்.

“கூழுக்கு என்று போட்டது சரி தம்பி,” என்றார். “வாங்குகிறவர்கள் வீட்டில் கூழ் இருக்கிறதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பு கூழும், ஜாடியிலிருந்து எடுத்து மோர் சொட்டச் சொட்ட இரண்டு ஈர மிளகாயும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பொரிக்காதவை. மூன்றாவது டம்ளர்.